இருப்பதை வைத்துச் சமைப்பது எப்படி? மாற்றுப் பொருள்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் முட்டை தீர்ந்துபோனது தெரியவரும். மாவைச் சலித்து முடித்த பிறகுதான் பேக்கிங் பவுடர் டப்பா காலி என்று கண்ணில் படும். அந்த நேரத்தில் எழும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். அளவுகளில் கப் என்றால் 240 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி, தேக்கரண்டி 5 மில்லி. எல்லாமே தலைதட்டிய அளவு.

ஒரு பொருள் கையில் இல்லை. அதற்கு மாற்று எது என்று எப்படி முடிவு செய்வது?

அந்தப் பொருளின் சுவையை மட்டும் பார்க்காதீர்கள். அந்தச் சமையலில் அது என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். எலுமிச்சையையே எடுத்துக்கொள்வோம். சாலட்டில் அது புளிப்பும் மணமும் தருகிறது. காய்ச்சிய பாலில் விட்டால் பாலைத் திரிக்கிறது. வெட்டிய ஆப்பிள் மேல் தடவினால் பழம் கறுக்காமல் காக்கிறது. சமையல் சோடா சேர்த்த கேக் மாவில் அந்தச் சோடாவைப் பொங்கவைக்கிறது. பழம் ஒன்றுதான், வேலை நான்கு.

பாலைத் திரிக்க வினிகரோ புளித்த தயிரோ தாராளமாகப் போதும். ஆப்பிளுக்கு லேசான உப்புத் தண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுத்தாலே போதும், புளிப்பே வேண்டாம். சோடாவுக்குப் புளிப்பான எதுவும் சரி, ஆனால் அளவு முக்கியம். சாலட்டில் மட்டும் எலுமிச்சையின் மணத்துக்கு ஈடு கிடையாது. வினிகர் விட்டால் அது வேறு சாலட். நன்றாகவே இருக்கும், ஆனால் வேறு. கீழே வரும் பதில்கள் எல்லாவற்றையும் இந்த ஒரே கேள்வியைக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

எலுமிச்சைச் சாறுக்குப் பதில் வினிகர் எவ்வளவு ஊற்றலாம்?

எலுமிச்சைச் சாற்றில் சுமார் 5 முதல் 6 சதவீதம் சிட்ரிக் அமிலம் இருக்கிறது. வழக்கமான வினிகரில் சுமார் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம். புளிப்பின் வலிமை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அசிட்டிக் அமிலம் ஆவியாகி மூக்கில் ஏறுவதால் வினிகர் கடுமையாகத் தெரியும். பாதி அளவில் ஆரம்பித்து, ருசி பார்த்துக் கூட்டுங்கள். கொதிக்கும் பதார்த்தத்தில் வினிகரைச் சற்று முன்னதாகச் சேர்த்தால் நெடி தணிந்துவிடும். எலுமிச்சையோ நேர்மாறு. அடுப்பை அணைத்த பிறகு பிழிந்தால்தான் மணம் நிற்கும்.

குழம்பிலும் சூப்பிலும் புளிப்புக்குத் தக்காளி, புளிக்கரைசல், தயிர் எல்லாமே உதவும். தக்காளி இனிப்பையும் சேர்த்துக் கொண்டுவரும், புளி நிறத்தை அடர்த்தியாக்கும், தயிர் கெட்டித்தன்மை தரும். எது கூட வந்தால் உங்களுக்குச் சம்மதம் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஊறுகாய், பாட்டிலில் அடைத்துவைக்கும் காய்கறிகளிலும் இப்படி மாற்றலாமா?

கூடாது. இந்த ஒரு இடத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். உணவின் பிஹெச் அளவு (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான், காற்றுப் புகாத பாட்டிலுக்குள் பொட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிருமி வளராது. அதன் நச்சு உயிரையே பறிக்கக்கூடியது. மணத்தையோ நிறத்தையோ வைத்து அது இருப்பதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. மாதக்கணக்கில் வெளியே வைக்கப்போகும் பொருளில் வினிகரைக் குறைக்காதீர்கள், தண்ணீர் கூட்டாதீர்கள், புளிப்பை உங்கள் கணக்குக்கு மாற்றாதீர்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு அறை வெப்பத்திலேயே விட்டுவைப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. குளிர்பெட்டியில் வைத்து, சில நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கேக்கில் முட்டைக்குப் பதில் எதைச் சேர்ப்பது?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். ஒற்றைப் பதில் இல்லாததும் இதற்குத்தான். ஓடு நீக்கிய பெரிய முட்டை ஒன்று சுமார் 50 கிராம் எடை. அதில் பெரும்பகுதி தண்ணீர், மீதி புரதமும் கொழுப்பும். அது மாவைப் பிணைக்கிறது, காற்றைப் பிடித்துவைக்கிறது, ஈரம் தருகிறது, வெந்ததும் இறுகி கேக்குக்கு உடலைக் கொடுக்கிறது. இத்தனை வேலையையும் செய்யும் ஒற்றைப் பொருள் வேறு கிடையாது. எந்த வேலை முக்கியம் என்று பார்த்துத்தான் மாற்ற முடியும்.

பிணைப்பதுதான் வேலை என்றால், அதாவது பிஸ்கட், கட்லெட், பருப்பு உருண்டை போன்றவற்றுக்கு, ஆளி விதை நல்ல தேர்வு. ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை 3 மேசைக்கரண்டி தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் வையுங்கள், வழவழப்பாகிவிடும். அதுதான் ஒரு முட்டைக்கு ஈடு. விதையை முழுதாகப் போட்டால் பலன் இல்லை, பொடித்தாக வேண்டும்.

ஈரமும் மென்மையும்தான் தேவை என்றால் ஒரு முட்டைக்குக் கால் கப் கெட்டித் தயிர். மாவில் சமையல் சோடா இருந்தால் தயிரின் புளிப்பு அதைத் தூண்டிவிட்டுக் கேக்கைப் பஞ்சாக்கும். சாதாரண கேக்குகளுக்கு நான் முதலில் எடுப்பது தயிரைத்தான். கால் கப் மசித்த வாழைப்பழமும் பயன்படும், ஆனால் கேக் கனமாக வரும், வாழைப்பழ வாசனையும் தூக்கலாக இருக்கும். அந்த வாசனை வேண்டுமென்று நினைத்தால் மட்டும் சேருங்கள்.

ஒன்று, இரண்டு முட்டை வரை மாற்றினால் கேக் தாங்கும். நான்கு ஐந்து முட்டையை நுரைக்க அடித்து, அந்தக் காற்றை மட்டுமே நம்பி எழும்பும் ஸ்பாஞ்ச் கேக்கில் தயிரையும் வாழைப்பழத்தையும் போட்டுப் பார்ப்பது வீண். முட்டையே சேராத ஒரு குறிப்பைத் தேடி எடுப்பதுதான் அங்கே நல்லது. கஸ்டர்டும் அப்படித்தான். முட்டை இறுகுவதால்தான் அது கெட்டியாகிறது. முட்டை வேண்டாம் என்றால் கார்ன்ஃப்ளோர் சேர்த்துக் காய்ச்சிய பால் கஸ்டர்டாகச் செய்துகொள்ளுங்கள்.

வெள்ளைக்கருவை மட்டும் அடித்து நுரையாக்கும் பலகாரங்களுக்கு மாற்று உண்டா?

உண்டு. கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். 2014இல் ழோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர் பயறு வேகவைத்த தண்ணீர் வெள்ளைக்கருவைப் போலவே நுரைக்கிறது என்று எழுதினார். அடுத்த ஆண்டே அதற்கு அக்வாஃபாபா என்று பெயரும் வந்துவிட்டது. கடலையிலிருந்து இறங்கும் புரதமும் மாவுச்சத்தும்தான் இந்த நுரைக்குக் காரணம்.

2 மேசைக்கரண்டி தண்ணீர் ஒரு வெள்ளைக்கருவுக்கு ஈடு, 3 மேசைக்கரண்டி ஒரு முழு முட்டைக்கு. வீட்டில் வேகவைத்த தண்ணீர் நீர்த்திருக்கும். வெள்ளைக்கருவின் பதத்துக்கு வரும்வரை கொதிக்கவைத்துச் சுண்டவிட்டு, நன்றாக ஆறவைத்துப் பிறகு அடியுங்கள். உப்புப் போட்டு வேகவைத்த தண்ணீரை இனிப்புக்கு எடுக்காதீர்கள். மின்சார பீட்டர் வேண்டும், பொறுமையும் வேண்டும். வெள்ளைக்கருவைவிட அதிக நேரம் எடுக்கும். சூட்டில் முட்டையைப் போல இது இறுகாது என்பதையும் நினைவில் வையுங்கள். குறைந்த சூட்டில் காயவைக்கும் மெரிங்கு என்ற நுரை இனிப்புக்குப் பொருந்தும், கஸ்டர்டுக்குப் பொருந்தாது.

பேக்கிங் பவுடர் இல்லை, சமையல் சோடா இருக்கிறது. அப்படியே மாற்றிப் போடலாமா?

அப்படியே போட்டால் கேக் பழுப்பாகி, சோப்புச் சுவையுடன் வரும். காரணம் தெரிந்தால் கணக்கு எளிது. சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட். புளிப்போடு சேரும்போது கரியமில வாயுவை விடுகிறது. அந்த வாயுதான் மாவை எழுப்புகிறது. பேக்கிங் பவுடரில் இதே சோடாவும், பொடி வடிவில் ஒரு புளிப்பும், இரண்டும் ஈரம் பட்டு முன்கூட்டியே கலந்துவிடாமல் தடுக்கச் சிறிது மாவுச்சத்தும் இருக்கின்றன. சோடாவை மட்டும் போட்டால் புளிப்பை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். புளிப்புப் போதாமல் மிஞ்சும் சோடாதான் வாயில் சோப்பாகத் தெரிகிறது.

ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடருக்குக் கால் தேக்கரண்டி சோடா போதும். அதோடு அரை கப் மோர் அல்லது கடைந்த தயிர் சேர்த்து, குறிப்பில் உள்ள பால் அல்லது தண்ணீரில் அரை கப்பைக் குறைத்துவிடுங்கள். மோர் இல்லையென்றால் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர். கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற புளிப்புப் பொடி வைத்திருப்பவர்கள் அரை தேக்கரண்டி சேர்த்தால் ஈரத்தின் அளவை மாற்றவே தேவையில்லை. புளிப்பு பட்டதுமே வாயு கிளம்பிவிடும். மாவைக் கலந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள். ஓவன் சூடாகத் தயாராக இருக்கும்போது கலந்து, உடனே உள்ளே வையுங்கள்.

தலைகீழாக, சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போடுவதென்றால் மூன்று மடங்கு. அரை தேக்கரண்டி சோடாவுக்கு ஒன்றரை தேக்கரண்டி. ஆனால் மாவில் மோர் போன்ற புளிப்பு ஏற்கெனவே இருந்தால், சோடா அதைத் தணிக்கும் வேலையையும் செய்துகொண்டிருந்தது. பவுடர் அந்த அளவுக்குத் தணிக்காது, அதனால் மோருக்குப் பதில் பாலையே விடுங்கள்.

பழைய பேக்கிங் பவுடர் வேலை செய்யுமா என்று எப்படிப் பார்ப்பது?

அரை தேக்கரண்டி பவுடரைச் சூடான தண்ணீரில் போடுங்கள். உடனே நுரைத்துப் பொங்கினால் நல்லது. சோடாவாக இருந்தால் மேலே இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள்.

வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் ஊற்றினால் என்ன ஆகும்?

வெண்ணெயில் சுமார் 80 சதவீதம்தான் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் பால் திடப்பொருள். எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. எனவே 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி பாலும் கணக்கு. உருக்கிய வெண்ணெய் கேட்கும் கேக்கிலும் மஃபினிலும் இந்த மாற்றம் தெரியவே தெரியாது. சொல்லப்போனால் எண்ணெய் சேர்த்த கேக் மறுநாளும் மென்மையாகவே இருக்கும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்கக் குழைக்கச் சொல்லும் குறிப்பில் கதை வேறு. திட வெண்ணெய்க்குள் சர்க்கரைத் துகள்கள் குத்திக் குத்திக் காற்றை ஏற்றுகின்றன. திரவமான எண்ணெய் அந்தக் காற்றைப் பிடிக்காது. அறை வெப்பத்தில் கட்டியாக இருக்கும் கொழுப்பு ஏதாவது, நெய்யோ மார்கரினோ, இருந்தால் அதைக் குழைக்கலாம். நெய்யில் தண்ணீர் இல்லை, அதனால் அதற்கும் எண்ணெயின் கணக்குத்தான். அடுக்கடுக்காகப் பிரியும் பேஸ்ட்ரிக்கு எண்ணெய் எந்த வகையிலும் ஆகாது.

வறுப்பதற்கு வெண்ணெயைவிட நெய்யோ எண்ணெயோ மேல். வெண்ணெயில் கருகுவது அதிலுள்ள பால் திடப்பொருள்தான். கொஞ்சம் எண்ணெய் கலந்தால் வெண்ணெய் கருகாது என்று பலர் நம்புகிறார்கள். எண்ணெய் கலந்தாலும் அந்தத் திடப்பொருள் அதே சூட்டில் கருகத்தான் செய்யும்.

மோர் சேர்க்கச் சொல்லும் கேக் குறிப்புக்கு மோர் இல்லையே?

ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை அளவுக் கோப்பையில் விட்டு, ஒரு கப் வரை பால் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். லேசாகத் திரிந்திருக்கும், அதுதான் வேண்டும். அல்லது முக்கால் கப் தயிரில் கால் கப் தண்ணீர் விட்டுக் கடையுங்கள். இரண்டில் தயிர்தான் மேல், அதன் தடிப்பு மாவுக்கு நல்லது.

கிரீம் இல்லாமல் சமாளிக்க முடியுமா? குழம்பில் தயிர் சேர்த்தால் திரிந்துவிடுகிறதே?

சமைப்பதற்கு மட்டும் என்றால் முக்கால் கப் பாலில் கால் கப் உருக்கிய வெண்ணெயைக் கலந்தால் ஒரு கப் கிரீமின் செழுமை வந்துவிடும். நுரைக்க அடிப்பதற்கு இது உதவாது. அடித்து நிற்கவைக்க கிரீமில் 30 சதவீதமாவது கொழுப்பு வேண்டும், அது பாலில் முன்பே நுண்துளிகளாகப் பரவியும் இருக்க வேண்டும். கெட்டித் தேங்காய்ப் பாலை ஒரு இரவு குளிரவைத்து, மேலே கட்டிய பகுதியை மட்டும் எடுத்து அடித்தால் ஓரளவு நிற்கும்.

தயிர் திரிவது சூடும் புளிப்பும் சேர்ந்து செய்யும் வேலை. தயிரின் புரதம் ஏற்கெனவே புளிப்பில் இறுகிக் கிடக்கிறது. கொதிக்கும் சூடு திடீரென்று பட்டதும் இன்னும் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்துவிடுகிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தயிரை அப்படியே கொட்டாமல், அறை வெப்பத்துக்கு வரட்டும். ஒரு கப் தயிருக்கு ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளோர் அல்லது கடலை மாவு சேர்த்துக் கட்டியில்லாமல் கடையுங்கள். மாவுச்சத்து புரதத்தைச் சூழ்ந்து திரியாமல் காக்கும். பிறகு குழம்பிலிருந்து இரண்டு கரண்டி சூடான சாற்றைத் தயிரில் விட்டுக் கலக்கி, அதன்பின் எல்லாவற்றையும் குழம்பில் சேர்த்து, தணலைக் குறைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். கொழுப்பு நீக்கிய தயிர் சீக்கிரம் திரியும், முழுக்கொழுப்புத் தயிர் அவ்வளவு லேசில் திரியாது. திரிந்தே விட்டதென்றால் சுவைக்குக் குறைவில்லை. ஆறவிட்டு மிக்சியில் ஒரு சுற்று சுற்றினால் பார்வைக்கும் சரியாகிவிடும்.

சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்க்க என்ன கணக்கு?

ஒரு கப் சர்க்கரைக்கு முக்கால் கப் தேன். தேனிலேயே சுமார் 17, 18 சதவீதம் தண்ணீர் இருப்பதால் மற்ற ஈரத்தில் 3 முதல் 4 மேசைக்கரண்டி குறையுங்கள். தேன் சீக்கிரம் சிவக்கும், அதனால் ஓவன் சூட்டையும் சுமார் 15 டிகிரி செல்சியஸ் குறைத்துவிடுங்கள். கரகரப்பான பிஸ்கட்டுக்குத் தேன் வேண்டாம், அது ஈரத்தை இழுத்து நமுத்துப்போக வைக்கும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

பழுப்புச் சர்க்கரை இல்லாதபோது வெல்லத்தைத் தூளாக்கிப் போடலாம். அதைப் பாலில் சேர்ப்பதென்றால் பால் கொதிக்கும்போது சேர்க்காதீர்கள், திரியக்கூடும். அடுப்பை அணைத்து, சூடு சற்றுத் தணிந்த பிறகு சேருங்கள்.

கேக்கில் சர்க்கரை இனிப்பு மட்டும் தருவதில்லை. ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, மென்மையும் நிறமும் தருகிறது. கால் பங்கு குறைத்தால் பெரும்பாலான கேக்குகள் தாங்கும். முழுவதையும் எடுத்துவிட்டு இனிப்பூட்டித் துளிகளைப் போட்டால் இனிப்பு மட்டும் இருக்கும், கேக் இருக்காது. ஜாமில் சர்க்கரைதான் இறுகவும் வைக்கிறது, கெடாமலும் காக்கிறது. அங்கே விருப்பம்போலக் குறைக்க வேண்டாம்.

குழம்பு, சாஸ், சூப் நீர்த்துவிட்டது. கார்ன்ஃப்ளோர் இல்லை.

மைதா இருந்தால் இரண்டு மடங்கு. ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளோர் செய்யும் வேலைக்கு 2 மேசைக்கரண்டி மைதா வேண்டும், அதுவும் பச்சை வாசனை போகச் சில நிமிடம் கொதித்தாக வேண்டும். முதலில் கொழுப்பில் வறுத்துச் சேர்த்தால் இன்னும் நல்லது. அரிசி மாவு, உருளைக்கிழங்கு மாவு, மரவள்ளி மாவு எல்லாமே கெட்டியாக்கும். எதுவானாலும் குளிர்ந்த தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். நேரே கொதியில் தூவினால் ஒவ்வொரு துளி மாவும் வெளியே வெந்து, உள்ளே பச்சையாக நின்று கட்டி தட்டும்.

கெட்டியானதை நெடுநேரம் கொதிக்கவிட்டால் மறுபடி நீர்த்துப்போகும். புளிப்பு அதிகமானாலும் அப்படித்தான், அதனால் எலுமிச்சையைக் கடைசியில் பிழியுங்கள். ருசி பார்த்த கரண்டியை மறுபடி பாத்திரத்தில் போடாதீர்கள். எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைக்கும்.

மாவே சேர்க்க விருப்பமில்லையா? அதே குழம்பிலுள்ள காய்களில் கொஞ்சம் எடுத்து மசித்துச் சேருங்கள். வெந்த பருப்பு, உருளைக்கிழங்கு, ஊறவைத்து அரைத்த முந்திரி எல்லாம் கெட்டியாக்குவதோடு சுவையும் கூட்டும். எனக்கு எப்போதும் இந்த வழியே பிடிக்கும்.

மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு?

தவிடு நிறையத் தண்ணீர் குடிக்கும். முதல் தடவை பாதிக்குப் பாதி போட்டு, ஓரிரு கரண்டி தண்ணீர் கூட்டி, மாவைப் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். அரிசி மாவிலும் சிறுதானிய மாவிலும் இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் இல்லை, அவற்றை மட்டும் வைத்து உப்பிய ரொட்டி எதிர்பார்க்க முடியாது. தானாக எழும்பும் மாவு கேட்கும் குறிப்புக்கு, ஒரு கப் மைதாவில் ஒன்றரை தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் கால் தேக்கரண்டி உப்பும் கலந்து சலித்தால் அதுவே.

ஈஸ்ட் வகைகளை ஒன்றுக்கொன்று மாற்றலாமா? ஈஸ்டே இல்லையென்றால்?

10 கிராம் பச்சை ஈஸ்ட், 4 கிராம் உலர் ஈஸ்ட், 3 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் மூன்றும் ஏறக்குறைய ஒரே வலிமை. தண்ணீர் 35 முதல் 40 டிகிரி, கை வைத்தால் வெதுவெதுப்பு. 60 டிகிரியைத் தொட்டால் ஈஸ்ட் செத்துவிடும்.

ஈஸ்ட் இல்லாமலும் ரொட்டி சுடலாம். 250 கிராம் மாவு, அரை தேக்கரண்டி சோடா, அரை தேக்கரண்டி உப்பு, சுமார் 200 மில்லி மோர். பிசையாமல் சேர்த்துப் பிடித்து, மேலே கத்தியால் ஆழமாக ஒரு குறுக்குக் கோடு போட்டு உடனே சுடுங்கள். புரதம் நீட்டி இழுபடும் ரொட்டியின் மெல்லும் சுகம் இதில் வராது, ஆனால் சூப்போடு சூடாகச் சாப்பிட மிக நன்றாக இருக்கும்.

பச்சை மூலிகைக்கு உலர்ந்தது எவ்வளவு?

மூன்றில் ஒரு பங்கு. ஒரு மேசைக்கரண்டி பச்சை இலைக்கு ஒரு தேக்கரண்டி உலர்ந்தது. உலர்ந்ததை ஆரம்பத்திலும் பச்சையைக் கடைசியிலும் சேருங்கள். ஓரிகானோ, தைம் உலர்ந்தாலும் மணம் காப்பாற்றும். காய்ந்த கொத்தமல்லித் தழையில் ஒன்றும் மிஞ்சாது, அதைவிடச் சேர்க்காமலே விடலாம். பூண்டுப் பொடி ஒரு பல்லுக்குக் கால் தேக்கரண்டிக்கும் குறைவாகவே போதும். சூடான எண்ணெயில் போட்டால் நொடியில் கருகும், ஈரத்தோடு சேருங்கள்.

உப்பு கூடிவிட்டது. உருளைக்கிழங்கு போட்டால் சரியாகுமா?

கிழங்கு உப்பை மட்டும் தேடி உறிஞ்சாது. உப்புத் தண்ணீரையே உறிஞ்சும், மீதமுள்ள சாற்றின் உப்பு அப்படியே இருக்கும். ஒரே வழி, உப்பில்லாத பொருளைக் கூட்டுவதுதான்: தண்ணீர், காய், வெந்த பருப்பு, பால். கிழங்கை அதே குழம்பில் விட்டுச் சாப்பிடுவதானால் அதுவும் ஒரு கூட்டல்தான், அந்த அளவுக்கு உதவும். சில சொட்டு எலுமிச்சை உப்பைக் கொஞ்சம் மறைக்கும்.

உப்பு வகையை மாற்றும்போதும் கவனம். ஒரு தேக்கரண்டி தூள் உப்பு சுமார் 6 கிராம். செதில் உப்பு அதே கரண்டியில் ஏறக்குறைய பாதிதான் நிற்கும். தராசு இருந்தால் எடையில் அளந்துவிடுங்கள்.

காரம் கூடிவிட்டால்?

மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தயிர், பால், கிரீம், தேங்காய்ப் பால், அரைத்த கடலை வகைகள் காரத்தைத் தணிக்கும். சிட்டிகை சர்க்கரையும் உதவும்.

எவ்வளவு நேரம் ஆனாலும் பயறு வேகவில்லை. என்ன காரணம்?

தக்காளியோ புளியோ முன்கூட்டியே சேர்த்துவிட்டீர்களா என்று பாருங்கள். பயறின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் கரையாது. கடின நீரிலுள்ள கால்சியமும் அதை இறுக்கும். பயறு குழைந்த பிறகே புளிப்பு சேர வேண்டும். உப்புப் போட்டால் வேகாது என்று சொல்வதுண்டு. உண்மையில் உப்புத் தண்ணீரில் ஊறிய பயறின் தோல் நன்றாக மிருதுவாகிறது. சிட்டிகை சோடா வேகத்தைக் கூட்டும், ஆனால் தையமின் என்ற வைட்டமினை அழிக்கும், அதிகமானால் சுவையும் கெடும். பல வருடம் அலமாரியில் கிடந்த பயறு என்றால் எதுவும் உதவாது.

வேறு பயறுக்குப் பதிலாக ராஜ்மா எனும் சிவப்பு பீன்ஸ் போடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது. சரியாக வேகாமல் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். 5 மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். 30 நிமிடம் என்றால் இன்னும் பாதுகாப்பு. அதன்பிறகு மிருதுவாகும்வரை வேகட்டும். பிரஷர் குக்கரில் கவலையில்லை. கொதிநிலையைத் தொடாத மெதுவேக மின்குக்கரில் நேரடியாகப் போடாதீர்கள்.

ஜெலட்டினுக்குப் பதில் அகர் அகர் (கடற்பாசியிலிருந்து எடுப்பது) போடலாமா?

போடலாம், மூன்றில் ஒரு பங்கு போதும். ஒரு தேக்கரண்டி அகர் தூள் மூன்று தேக்கரண்டி ஜெலட்டினுக்குச் சமம். கொதிக்கவைத்தால்தான் கரையும். அறை வெப்பத்திலேயே உறைந்துவிடும், வாயில் உருகாமல் நறுக்கென்று உடையும். பச்சை அன்னாசி, பப்பாளி, கிவி சேர்ப்பதாக இருந்தால் அகர்தான் வசதி. அந்தப் பழங்களின் நொதி ஜெலட்டினின் புரதத்தை உடைத்து உறையவிடாது. பழத்தை வேகவைத்துச் சேர்த்தால் ஜெலட்டினும் உறையும்.

விருந்தினருக்குச் சமைக்கும்போது மாற்றுப் பொருள் போட்டதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். கிரீமுக்குப் பதில் முந்திரி அரைத்தது உங்களுக்குச் சிறு மாற்றம். கொட்டை ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. பால், முட்டை, கடலை, கொட்டைகள், எள், சோயா, கோதுமை, மீன், இறால் வகை எதை உள்ளே கொண்டுவந்தாலும் பரிமாறும் முன்பே சொல்லுங்கள்.

குறிப்பில் சொன்ன அளவு கேக் தட்டு இல்லை. வேறு தட்டில் ஊற்றலாமா?

பரப்பளவைப் பாருங்கள். 20 செ.மீ. வட்டத் தட்டு 314 சதுர செ.மீ. 20 செ.மீ. சதுரத் தட்டு 400. 23 செ.மீ. வட்டம் 415. ஆகவே 23 செ.மீ. வட்டத்துக்கு 20 செ.மீ. சதுரம் நல்ல மாற்று. 20 செ.மீ. வட்டத்துக்கான மாவை 23இல் ஊற்றினால் மெல்லிசாக வரும், எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். தட்டு சிறிதென்றால் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு மேல் நிரப்பாதீர்கள், மிஞ்சியதைக் கப்கேக்காகச் சுடுங்கள். மாவின் உயரம் கூடினால் வேகும் நேரமும் கூடும். கடிகாரத்தைவிட, நடுவில் குச்சியைக் குத்திப் பார்ப்பதையே நம்புங்கள்.

பாதி அளவில் செய்ய நினைக்கிறேன். ஒரு முட்டையைப் பாதியாக்குவது எப்படி?

உடைத்து, கருவும் வெள்ளையும் ஒன்றாகும்வரை முள்கரண்டியால் அடித்து, 25 கிராம் எடுங்கள். தராசு இல்லையென்றால் ஒன்றரை மேசைக்கரண்டி சொச்சம். மீதியை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் ஆம்லெட்டிலோ வறுத்த சாதத்திலோ சேர்த்துவிடுங்கள்.